அம்பாசடர் 1489 சிசி: 2, 3-வது சிலிண்டர்ல கம்ப்ரஷன் கம்மி, நேரா போர் வேலையா?

கேள்வி:
மார்க் 2 அம்பாசடர், பெட்ரோல். 600 கி.மீ.க்கு ஒரு லிட்டர் ஆயில் குடிக்குது. காலையில ஸ்டார்ட் பண்ணதும் நீலப்புகை, கத்திப்பாரா பாலம் ஏறும்போது இன்னும் அதிகம். சூடானதும் ஐடிலிங்ல ஆயில் பிரஷர் 10 பிஎஸ்ஐ. கம்ப்ரஷன் (சிலிண்டர் அழுத்தம், 1-லேர்ந்து 4 வரை பிஎஸ்ஐ-ல; இன்ஜின் சூடா, நாலு பிளக்கும் கழட்டி, ஆக்சிலேட்டர் முழுசா மிதிச்சு): 115, 70, 68, 110. ஒரு ஸ்பூன் ஆயில் விட்டுப் பார்த்தா 140, 74, 71, 136. போர் (சிலிண்டரைக் கடைஞ்சு பெருசாக்கறது), கிராங்க் (ஷாஃப்ட்டை அரைக்கறது) எல்லாம் சேர்த்துப் பண்ணணும்னு மெக்கானிக் சொல்றார். சரியா?

பதில் 1:
1, 4 ஆயில் விட்டதும் ஏறுது, அது பிஸ்டன் ரிங் தேய்மானம். 2, 3 அசையவே இல்ல, ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல. நடுவுல ஹெட் கேஸ்கட் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையில இருக்குற தகடு) போயிருக்கும். 2-வது பிஸ்டனை கம்ப்ரஷன் டாப்புக்குக் கொண்டு வந்து, நாலாவது கியர் போட்டு ஹேண்ட் பிரேக் இழுத்துட்டு, பிளக் ஓட்டை வழியா காத்து விடுங்க. 3-ன் பிளக் ஓட்டையில காத்து அடிச்சா கேஸ்கட்தான். அந்த நிலையில 3-ன் ரெண்டு வால்வும் லேசா திறந்திருக்கும், கார்புரேட்டர்ல கொஞ்சம் சத்தம் கேட்டா குழம்ப வேண்டாம். ஆயில் ஊத்துற வாய்ல சீறினா ரிங்.

பதில் 2:
கேஸ்கட்டோட நிறுத்திடாதீங்க சார். டேஷ்போர்டு கேஜை நம்பாம தனி கேஜ் மாட்டிப் பாருங்க. அப்பவும் 10-னா சம்ப்பை (அடியில இருக்குற ஆயில் தொட்டி) இறக்கி பிக் எண்ட் பேரிங்கை (கனெக்டிங் ராடு கிராங்க்கோட சேர்ற இடம்) பார்த்தே ஆகணும்.

கேள்வி கேட்டவர்:
3-ல காத்து அடிச்சுது. தனி கேஜ்லயும் 10. ஹெட் 2-3 நடுவுல 0.15 மி.மீ. வளைஞ்சிருக்கு. போர் (சிலிண்டர் உள்சுவர்) மேல் பக்கம் 0.009 அங்குலம் தேய்ஞ்சிருக்கு. பிக் எண்ட் பேரிங்ல மேல் பூச்சு தேய்ஞ்சு செம்பு தெரியுது.

பதில் 2:
அப்போ மெக்கானிக் சொன்னது சரிதான், காரணம்தான் அவர் சொல்லல. இந்தத் தேய்மானத்துல வெறும் ரிங் மாத்தினா, போர் மேல இருக்குற படியில புது ரிங் இடிச்சு உடையும்.

புதுப்பேட்டையோ ஜெனரல் பேட்டர்ஸ் ரோடோ, முதல்ல பிஸ்டன் செட் வாங்குங்க. பிஸ்டனைக் கையில அளந்துதான் லேத்காரர் போர் அடிக்கணும். 20 ஓவர்சைஸ்னு (0.020 அங்குலம் பெருசு) வாயால சொல்லி அனுப்பினா பிஸ்டனுக்கும் போருக்கும் நடுவுல கேப் தப்பும். ஒவ்வொரு ரிங்கையும் அதோட போர்லயே இறக்கி வாய் இடைவெளி பாருங்க, 0.010-லேர்ந்து 0.012 அங்குலம். குறைஞ்சா சூட்டுல முட்டிக்கும்.

கிராங்க் அரைச்சு வந்ததும் ஆயில் ஓட்டை ஒவ்வொண்ணையும் பிரஷ் விட்டுக் கழுவுங்க. அரைச்ச தூள் ஒரு துளி இருந்தாலும் புது பேரிங் காலி. ஹோனிங் (கல் வெச்சு உள்சுவரைத் தேய்க்கறது) முடிஞ்ச போரை மண்ணெண்ணெய்ல கழுவாதீங்க, தூள் உள்ளேயே தங்கும். சுடுதண்ணி, சோப்பு, வெள்ளைத் துணியில கறுப்பு வராத வரைக்கும். துடைச்ச கையோட ஆயில் தடவுங்க, நம்ம ஊர் உப்புக்காத்துல சீக்கிரமே துரு பிடிக்கும்.

டார்க்: மெயின் 70, பிக் எண்ட் 35, ஹெட் நட் 40 பவுண்டு-அடி, ஹெட் நடுவுலேர்ந்து வெளிப்பக்கமா, மூணு சுத்துல.

பதில் 1:
ஹெட்டை ஃபேஸிங் (சமமா அரைக்கறது) குடுக்கும்போதே வால்வ் கைடையும் பார்க்கச் சொல்லுங்க, காலைப் புகைக்கு அதுவும் காரணம். கேஸ்கட் ஏன் போச்சுன்னும் பாருங்க. போர்வெல் தண்ணி ஊத்தின ரேடியேட்டர்ல உப்பு அடைச்சிருந்தா, புது கேஸ்கட்டும் போயிடும். பின் மெயின்ல ரப்பர் சீல் கிடையாது, அதனால பிரீதர் குழாய் (இன்ஜின் உள்காத்து வெளிய போற குழாய்) அடைப்பையும் எடுங்க, இல்லனா ஆயில் ஒழுகிட்டே இருக்கும். 500 கி.மீ.ல ஆயில் மாத்தி, ஹெட் நட்டைத் திரும்ப டார்க் பண்ணி, டேப்பட் இடைவெளியை 0.015 அங்குலத்துல வைங்க.