அஞ்சாவது முடிக்கிற பிள்ளைகள்: உங்கள் வீட்டில் எப்படி இருந்தது?

காசிமேடு அம்மா

எங்கள் பையன் இந்த மாதம்தான் அஞ்சாம் வகுப்பு மூன்றாம் பருவத் தேர்வு எழுதி முடித்தான். மாநகராட்சித் தொடக்கப்பள்ளி, இங்கிலீஷ் மீடியம். கணக்கில் 60-க்கு 31. "எட்டாவது வரைக்கும் ஃபெயிலே கிடையாது, விடு" என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் விட்டிருப்பேன். ஆனால் கடைசி நாள் டீச்சர் விடைத்தாளை எடுத்துக் காட்டினார். பார்த்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

144-ஐ 12-ஆல் வகுக்கச் சொல்லி ஒரு கணக்கு. கோடு போட்டு, அடித்தல் திருத்தல் இல்லாமல் சரியாகப் போட்டிருக்கிறான். அடுத்த பக்கத்தில் அதே வகுத்தல்தான், இங்கிலீஷில் இரண்டு வரியாக: ஒரு வியாபாரியிடம் 180 மாம்பழம், கூடைக்கு 15 வைத்தால் எத்தனை கூடை? அந்த இடம் வெள்ளையாக இருந்தது. அதற்குக் கீழே இருந்த வாக்கியக் கணக்குகளும் அப்படியே வெள்ளை.

மீன்பிடித் தடைக்காலம், கடலுக்குப் போக முடியாது என்பதால் அவன் அப்பா வீட்டில் இருந்தார். தாளைப் பார்த்துவிட்டுத் திட்டவில்லை. "டேய், 180 சங்கரா மீன் இருக்கு. கூடைக்குப் பதினஞ்சுன்னு போட்டா எத்தனை கூடை வேணும்?" என்று கேட்டார். விரல் விட்டு எண்ணக்கூட இல்லை, "பன்னெண்டு" என்றான். அப்புறம் ஏன்டா எழுதலை என்றால், "அதுல என்ன கேட்டிருக்காங்கன்னே தெரியலப்பா" என்கிறான்.

கணக்கு அவனுக்கு வருகிறது. அந்த இரண்டு வரியைப் படிக்கத்தான் வரவில்லை. மார்க்கை மட்டும் பார்த்திருந்தால் கணக்கு டியூஷனுக்கு அனுப்பியிருப்பேன். ஜூனில் ஆறாவதுக்கு வேறு பள்ளிக்கூடம் போக வேண்டும். உங்கள் வீட்டில் எப்படி இருந்தது என்று சொல்லுங்கள்.

கொருக்குப்பேட்டை

அக்கா, என் மகள் 2019-20-ல் அஞ்சாவது. அந்த வருஷம் செப்டம்பரில்தான் அஞ்சுக்கும் எட்டுக்கும் பொதுத்தேர்வு என்று அரசு அறிவித்தது. எங்கள் தெருவே பதறிப் போனது. சாயங்காலம் டியூஷன், ஞாயிற்றுக்கிழமையும் டியூஷன். ரயில்வே கேட் மூடியிருந்தால் அந்தப் பக்கம் நின்றபடியே நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு படிப்பாள். ராத்திரி தூக்கத்தில் வாய்ப்பாடு சொல்லுவாள். பத்து வயசுப் பிள்ளை.

2020 பிப்ரவரி 4 அன்று தேர்வு ரத்து என்று அறிவித்தார்கள். அடுத்த மாதமே கொரோனாவில் பள்ளிக்கூடம் மூடி, ஒன்பதாவது வரை எல்லாரும் பாஸ். அவள் எழுதிய முதல் பொதுத்தேர்வு 2025-ல், பத்தாவதில்தான். நல்ல மார்க். ஆனால் அந்த அஞ்சு மாதத்தில் அவளுக்கு வந்த பயம் நான் ஏற்றிவிட்டது. இப்போது நினைத்தாலும் வலிக்கிறது. உங்க வீட்டுக்காரர் திட்டாமல் கேட்டார் பாருங்கள், அது பெரிய விஷயம்.

திருவொற்றியூர் டீச்சர்

தொடக்கப்பள்ளியில் பல வருஷமாகப் பாடம் எடுக்கிறேன். காசிமேடு அம்மா சொன்னது ஒரு வீட்டுக் கதை இல்லை. என் வகுப்பிலும் வருஷா வருஷம் இப்படி நாலைந்து பிள்ளைகள் இருப்பார்கள்.

முதலில் மார்க் எப்படி வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். 2012-13-லிருந்து வருஷத்தை மூன்று பருவமாகப் பிரித்திருக்கிறோம். ஒவ்வொரு பருவத்திலும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60. வளரறி என்பது வகுப்பில் செய்கிற செயல்பாடு, சின்னச் சின்னத் தேர்வுகள். தொகுத்தறிதான் பருவத்தின் கடைசியில் உட்கார்ந்து எழுதுவது. இரண்டையும் கூட்டி ஒரு கிரேடு போட்டுக் கொடுக்கும்போது, பிள்ளை எங்கே தடுக்கி நிற்கிறது என்பது அந்தக் கிரேடுக்குள் மறைந்துவிடும். அதனால் அட்டையில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகாதீர்கள். விடைத்தாளைக் காட்டச் சொல்லுங்கள். எந்தக் கேள்வி தப்பு என்பதைவிட, எந்தக் கேள்வியைத் தொடவே இல்லை என்று பாருங்கள்.

அடிப்படையாகப் படிக்க, எழுத, கணக்குப் போடச் சொல்லிக்கொடுக்கிற எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-ல் ஒன்று முதல் மூன்றுவரை வந்தது, அடுத்த வருஷம் நாலு, அஞ்சுக்கும் வந்தது. அதில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறோம்; அரும்பு ஆரம்ப நிலை, மலர் மேல் நிலை. "என் பிள்ளை தமிழில் எந்த நிலை, இங்கிலீஷில் எந்த நிலை, கணக்கில் எந்த நிலை" என்று தனித்தனியாகக் கேளுங்கள். கேட்கிற பெற்றோர் மிகக் குறைவு. கேட்டால் எந்த டீச்சருக்கும் சந்தோஷம்தான்.

ஃபெயில் பற்றி ஒன்று. 2024 டிசம்பரில் மத்திய அரசு விதியை மாற்றியபோது நிறைய பேர் பயந்து போன் பண்ணினார்கள். அது கேந்திரிய வித்யாலயா மாதிரி மத்திய அரசு நடத்தும் பள்ளிகளுக்கு. அங்கே அஞ்சிலும் எட்டிலும் தேறாத பிள்ளைக்கு இரண்டு மாதத்துக்குள் மறுதேர்வு உண்டு, அதிலும் தேறாவிட்டால் அதே வகுப்புதான். நம் மாநிலத்தில் எட்டாவது வரை தேர்ச்சி தொடரும் என்று அரசு அப்போதே சொல்லிவிட்டது.

வியாசர்பாடி அப்பா

எங்களுக்கு அஞ்சாவது பரீட்சையில் பிரச்சினை இல்லை, அதற்கப்புறம்தான். ஆறாவது சேர்க்க ஒரு தனியார் பள்ளிக்குப் போனோம். பிள்ளையை மட்டும் ஒரு அறைக்குக் கூட்டிப் போய் முக்கால் மணி நேரம் பேப்பர் எழுத வைத்தார்கள். வெளியே வந்தவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், பேசவே இல்லை. மறுநாள் "லெவல் பத்தலை சார்" என்று சொல்லிவிட்டார்கள்.

எனக்கு அப்போது தெரியாது. கல்வி உரிமைச் சட்டம் 13-ஆம் பிரிவு, சேர்க்கைக்காகப் பிள்ளையையோ பெற்றோரையோ எந்த விதத்திலும் வடிகட்டக் கூடாது என்கிறது. மீறினால் முதல் தடவை 25,000 ரூபாய் வரை, அடுத்தடுத்து ஒவ்வொரு தடவையும் 50,000 வரை அபராதம். ஆனால் சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. நம் பக்கம் அந்த மாதிரிப் பள்ளிகள் நிறைய, அதனால் முன்னாலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். சந்தேகம் என்றால் கல்வித்துறையின் 14417-க்குப் பேசலாம். டி.சி. வர நாளாகிறது என்று சொல்லி அரசுப் பள்ளியில் சேர்க்காமல் இருக்கவும் சட்டத்தில் இடமில்லை.

என் மகள் இப்போது அரசுப் பள்ளியில் ஏழாவது. சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பழக்கம் போய்விட்டது.

பெரம்பூர்

அண்ணா சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். ஆறாவது எங்கே சேர்க்கிறோம் என்பது பிற்பாடு கணக்கில் வருகிறது. மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. காலேஜ் போகும் பெண் பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் வருகிற புதுமைப்பெண் திட்டத்துக்கும் ஆறாவதிலிருந்துதான் பார்க்கிறார்கள். 2022 செப்டம்பர் 5 அன்று அதைத் தொடங்கிவைத்ததே நம் பாரதி மகளிர் கல்லூரியில்தான். இப்போது அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. பையன்களுக்குத் தமிழ்ப்புதல்வன். கடன் வாங்கி ஃபீஸ் கட்டுவதற்கு முன்னால் இதையும் யோசியுங்கள்.

காசிமேடு அம்மா

எல்லாருக்கும் நன்றி. டீச்சர், நீங்கள் சொன்ன மாதிரி போய்க் கேட்டேன். தமிழில் மலர், கணக்கில் மலர், இங்கிலீஷில் அரும்பு. மூன்றையும் தனித்தனியாகக் கேட்டதற்கு அப்புறம்தான் எனக்கு விளங்கியது.

ஆறாவது தமிழ் மீடியமா, இங்கிலீஷ் மீடியமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. ஜூன் 14 வரை அவன் அப்பா கரையில்தான். தினமும் ராத்திரி சாப்பிட்டதும் பழைய கணக்குப் புத்தகத்திலிருந்து ஒரு வாக்கியக் கணக்கு. அவன் இங்கிலீஷில் சத்தமாகப் படிக்க வேண்டும், அப்பாவுக்குத் தமிழில் சொல்ல வேண்டும், அப்புறம்தான் பென்சிலைத் தொடலாம். முதல் நாள் ஒரு கணக்குக்கு இருபது நிமிஷம் ஆனது. நேற்று, அவனாகவே இரண்டாவது கணக்குக்குப் பக்கத்தைத் திருப்பினான்.