மாமரத்தடியில் மரத்தூள், கொய்யா இலையில் கருப்புப் படிவு: எந்தப் பூச்சி, என்ன செய்வது?

கேள்வி – கொல்லைப்பச்சை

வீட்டுக்குப் பின்னால் ஒரு மாமரமும் ஒரு கொய்யாவும் நிற்கின்றன. மாமரத்தின் அடித்தண்டில், முழங்கால் உயரத்துக்குள், சில துளைகள். அவற்றிலிருந்து நார்நாராக மரத்தூள் கொட்டுகிறது. பக்கத்தில் பழுப்பு நிறத்தில் பிசின் வடிகிறது. ஒரு பக்கக் கிளையில் மட்டும் இலைகள் மஞ்சளாகி உதிர்கின்றன. கொய்யாவில் இலைகளின் மேல்பக்கம் கறுத்துப் போய், தொட்டால் பிசுபிசுக்கிறது. இலைகளின் அடியில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருக்கிறது, தண்டில் எறும்பு வரிசை. இரண்டு மரத்துக்கும் சேர்த்து வேப்பெண்ணெய் தெளித்தால் போதுமா?

பதில் 1 – வைரம்பாய்ந்தமரம்

மாமரத்துக்குப் போதாது. அது தண்டு துளைப்பான். நீளமான உணர்கொம்புகள் கொண்ட பெரிய வண்டு பட்டை இடுக்கில் முட்டையிடும். அதிலிருந்து வரும் புழு பட்டைக்கு அடியிலும் பிறகு கட்டைக்குள்ளும் குடைந்துகொண்டே போகும். நீங்கள் வெளியில் எதைத் தெளித்தாலும் அந்தப் புழுவைத் தொடாது. ஒரு கிளை மட்டும் மஞ்சளாவதற்குக் காரணமும் இதுதான்: அந்தக் கிளைக்குச் சத்து போகும் பாதையைப் புழு அறுத்துவிட்டது.

முதல் வேலை, இருக்கும் தூளை எல்லாம் துடைப்பத்தால் சுத்தமாகப் பெருக்கி, வடிந்த பிசினையும் சுரண்டிவிடுங்கள். இரண்டு மூன்று நாள் கழித்துப் பாருங்கள். புதுத்தூள் விழும் துளையில் மட்டுமே புழு உயிரோடு இருக்கிறது. தூளே இல்லாமல் விளிம்பு சுத்தமாக, வட்டமாக, விரல் பருமனில் இருக்கும் துளை வண்டு வெளியேறிப் போன வழி. அதைக் குடைவதில் பயனில்லை.

உயிருள்ள துளையின் வாயைக் கூரிய கத்தியால் கொஞ்சம் அகலப்படுத்துங்கள். சைக்கிள் பிரேக் கம்பியின் நுனியைக் கொக்கி போல வளைத்து உள்ளே விடுங்கள். சுரங்கம் நேராகப் போகாது. பெரும்பாலும் மேலேயோ பக்கவாட்டிலோ திரும்பும். அதனால் விறைப்பான கம்பி பாதியிலேயே முட்டி நின்றுவிடும், வளையும் கம்பிதான் வேண்டும். திருகித் திருகி இழுங்கள். புழு வெளியே வரலாம், அல்லது நுனியில் வெண்மையான ஈரக்கசிவு ஒட்டி வரலாம். அப்படி வந்தால் புழு குத்துப்பட்டுவிட்டது. பிறகு துளையைக் களிமண்ணால் இறுக்கி அடையுங்கள். சிமெண்ட் வேண்டாம்: மரம் அசையும்போது ஓரத்தில் விரிசல் விட்டு, அதன் வழியே மழைநீர் உள்ளே இறங்கும். ஒரு வாரம் பத்து நாளில் மறுபடி பாருங்கள். களிமண்ணைத் தள்ளிக்கொண்டு தூள் வந்தால் புழு தப்பிவிட்டது, திரும்பச் செய்யுங்கள்.

சுரண்டிய காயத்துக்குப் போர்டோ பசை பூசலாம். 100 கிராம் மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) அரை லிட்டர் நீரிலும், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பை இன்னொரு அரை லிட்டர் நீரிலும் தனித்தனியே பிளாஸ்டிக் வாளிகளில் கரைத்து, ஆறியபின் ஒன்றாகக் கலக்குங்கள். துரு ஏறாத சாதாரண இரும்புக் கத்தியை (எவர்சில்வர் அல்ல) ஒரு நிமிடம் அதில் நனைத்துப் பாருங்கள். செம்பு நிறம் ஒட்டினால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் சேர்க்க வேண்டும். இந்தப் பசை வண்டை விரட்டும் என்று நம்பிவிடாதீர்கள். காயத்தில் பூசணம் ஏறாமல் காப்பதுதான் அதன் வேலை.

பதில் 2 – இலையடி

கொய்யாவைப் பற்றி. அந்தப் பஞ்சு மாவுப்பூச்சி. அது சாற்றை உறிஞ்சிவிட்டு இனிப்பான கழிவை வெளியேற்றும்; அது மேல் சொட்டிய இலைகளில் கரும்பூசணம் வளர்கிறது. இந்தக் கரும்படிவு இலையைத் தின்னாது, வெயிலை மறைக்கும். பூசணக்கொல்லி வாங்க வேண்டாம், பூச்சி போனால் அதுவும் நின்றுவிடும்.

எறும்பிலிருந்து தொடங்குங்கள். இனிப்புக்காக எறும்பு மாவுப்பூச்சிக்குக் காவல் நிற்கும், அதைத் தின்ன வரும் பொறிவண்டுகளையும் குளவிகளையும் துரத்தும். தண்டைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குத் துணியை இறுக்கிக் கட்டி, அதன் மேல் பிளாஸ்டிக் தாள் சுற்றி, தாளின் மேல் கிரீஸ் தடவுங்கள். பட்டையில் நேரடியாகத் தடவினால் பட்டை கெடும். துணி தளர்ந்திருந்தால் எறும்பு அடியிலேயே நுழைந்து போகும். சுவரையோ கம்பியையோ பக்கத்து மரத்தையோ தொடும் கிளைகளை வெட்டாவிட்டால் கிரீஸ் வீண். எறும்பு நின்றதும் கட்டை அவிழ்த்துவிடுங்கள். நாள்பட இருந்தால் உள்ளே ஈரம் தங்கும்.

அடுத்து, குழாய் நீரை வேகமாகப் பீய்ச்சி இலையின் அடிப்பக்கத்தைக் கழுவுங்கள். பாதிக்கு மேல் அதிலேயே உதிரும். மறுநாள் மாலை வேப்பெண்ணெய்: 10 மில்லி எண்ணெயில் 2–3 மில்லி திரவ சோப்பை முதலில் குழைத்து, பிறகு ஒரு லிட்டர் நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். நீரில் நேரே எண்ணெயை விட்டால் மேலே மிதக்கும், தெளிப்பானின் கடைசி நீரில் மொத்த எண்ணெயும் வந்து இலையைக் கருக்கும். உப்புத்தண்ணீரில் சோப்பு திரிந்துபோகும், மழைநீர் நல்லது. ஒரு சிறு கிளையில் தெளித்து இரண்டு நாள் பார்த்துவிட்டு முழு மரத்துக்கும் போங்கள். பஞ்சுக்குள் இருக்கும் முட்டைகளுக்கு எதுவும் எட்டாது. அதனால் வாரம் ஒருமுறை என மூன்று தடவை தேவைப்படும். பெரும்பாலானவர்கள் முதல் தடவையோடு நிறுத்திவிடுவதால்தான் பூச்சி திரும்ப வருகிறது.

கறுப்பை நீக்க மைதாக் கஞ்சி நன்றாக வேலை செய்யும். 100 கிராம் மைதாவை அரை லிட்டர் நீரில் காய்ச்சி, ஆறவைத்து, மொத்தம் 2 லிட்டராக்கி வடிகட்டி, நல்ல வெயில் நாளில் தெளியுங்கள். காய்ந்து உரியும்போது படிவையும் சேர்த்துக் கொண்டுபோகும்.

ஒன்றைக் கவனியுங்கள்: மாவுப்பூச்சிகளுக்கு நடுவே அவற்றைவிடப் பெரிதாக, அதே போல வெள்ளை இழைகளோடு, சுறுசுறுப்பாக ஓடும் ஒன்று தெரிந்தால் அது மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டின் புழு. அது இருக்கும் கிளையில் தெளிக்கவே வேண்டாம்.

கொல்லைப்பச்சை

இருவருக்கும் நன்றி. மாமரத்துக்கு வேரில் ஊற்றும் ஊடுருவும் மருந்து, அல்லது துளைக்குள் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வைக்கலாம் என்று சொல்கிறார்களே?

பதில் 3 – வைரம்பாய்ந்தமரம்

மாத்திரை கண்டிப்பாக வேண்டாம். ஈரம் பட்டதும் அது பாஸ்பீன் வாயுவை விடும். அந்த வாயு மனிதரைக் கொல்லும், அதற்கு மாற்று மருந்து கிடையாது. ஜன்னலுக்குப் பக்கத்தில், குழந்தைகள் விளையாடும் இடத்தில் அதற்கு வேலையே இல்லை. வேரில் ஊற்றும் மருந்து பெரிய மரத்தில் மெதுவாகத்தான் ஏறும். கட்டைக்குள் இருக்கும் புழுவுக்குப் போதிய அளவு எட்டாது. ஆனால் பூவின் தேனுக்கும் மகரந்தத்துக்கும் போய்த் தேனீக்களைப் பாதிக்கும். காய்க்கும் மரம், நீங்கள் சாப்பிடப்போகும் பழம்.

மஞ்சளான கிளை முழுதும் காய்ந்தால் வெட்டிவிடுங்கள். கனமான கிளையென்றால் தண்டிலிருந்து ஓர் அடி தள்ளி முதலில் அடிப்பக்கம் கால்வாசி அறுத்து, பிறகு சற்று வெளியே மேலிருந்து அறுங்கள். இல்லாவிட்டால் கிளை சாயும்போது தண்டின் பட்டையை உரித்துக்கொண்டு போகும். கடைசியில் மிச்சத் துண்டை, கிளை பிறக்கும் புடைப்பை விட்டுவிட்டு எடுங்கள். வெட்டியதை மரத்தடியில் குவிக்காதீர்கள். உள்ளே இருக்கும் புழு காய்ந்த கட்டையிலும் வளர்ந்து வண்டாகி வெளியே வரும். சிறு துண்டுகளாகப் பிளந்து உடனே அப்புறப்படுத்துங்கள்.

பதில் 4 – கவட்டைக்கிளை

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: எல்லாத் தூளும் தண்டு துளைப்பான் இல்லை. கிளை பிரியும் கவட்டையில், பட்டை மேல் நூலாம்படையும் எச்சமும் கலந்த நாடாக்கள் ஓடினால் அது பட்டை தின்னும் புழு. பகலில் கவட்டைத் துளைக்குள் ஒளிந்திருந்து இரவில் மேயும்; நாடாவை ஒதுக்கிவிட்டுத் துளையில் கம்பி விட்டாலே முடிந்தது, ஆழம் அதிகமில்லை. குண்டூசித் தலை அளவில் நிறையத் துளைகளும் மாவு போன்ற மெல்லிய தூளும் என்றால் சிறு துளைவண்டு. அது அநேகமாக ஏற்கெனவே வாடிய மரத்தைத்தான் தேடி வரும். கம்பி உதவாது, நீர் தேங்குகிறதா, வேர் அழுகுகிறதா என்று பாருங்கள். பட்டை மேல் மண் பூச்சு என்றால் கரையான். அதைத் தட்டிவிட்டு, அடியில் இருப்பது செத்த பட்டையா உயிருள்ளதா என்று நகத்தால் கீறிப் பாருங்கள்.

அடித்தண்டைச் சுற்றிப் பாதிக்கு மேல் பட்டை உள்ளீடற்று, தட்டினால் பொள்ளல் சத்தம் கேட்டு, மரம் வீட்டுப் பக்கம் சாய்ந்திருந்தால் பூச்சியை விட்டுவிடுங்கள். அடுத்த காற்றுக்கு முன் மரம் வெட்டத் தெரிந்தவரை அழைத்துக் காட்டுங்கள்.