இரவு 8 மணிக்கு மேல் ஒரு செக்டார் மட்டும் படுத்துவிடுகிறது: தென்னந்தோப்புப் பகுதி வயர்லெஸ் நெட்வொர்க்

தோப்புவலை:

வணக்கம். உடுமலைப் பக்கம் தோட்டத்துச் சாளைகளுக்கு (தோட்டத்து வீடுகளுக்கு) வயர்லெஸ் இணைப்பு. லைசென்ஸ் வைத்திருக்கும் ஒரு நிறுவனத்தின் கீழ் பிரான்சைஸி. 80 அடி மாஸ்ட், ஸ்டே வயர் கட்டியது. 120 டிகிரிக்குப் பரப்பும் செக்டார் ஆண்டெனா மூன்று, ஒவ்வொன்றும் 19 டிபிஐ (ஆண்டெனா சிக்னலைக் குவிக்கும் அளவு), எல்லாமே 5.8 கிகாஹெர்ட்ஸ், 40 மெகாஹெர்ட்ஸ் அகலம். மொத்தம் 41 வீடு. எல்லா வீட்டிலும் 23 டிபிஐ டிஷ். மாஸ்ட் அடி வரைக்கும் ஃபைபரில் 300 எம்பிபிஎஸ் வருகிறது.

1. தெற்கு செக்டாரில் 17 வீடு. இரவு 8 முதல் 11 வரை எல்லோருக்கும் பஃபரிங். அந்த நேரத்திலும் ஃபைபரில் ஓடுவது மொத்தமே 140 எம்பிபிஎஸ்தான். பெரும்பாலான வீடுகளில் சிக்னல் -58 முதல் -66 டிபிஎம் (சிக்னல் பலம்; பூஜ்யத்துக்குக் கிட்ட இருந்தால் நல்லது). கடைசி மூன்று வீடு 6 கிலோமீட்டர் பக்கம், தோப்புக்கு அந்தப்புறம்: -77, -79, -79.

2. இடி இடித்தால் ரேடியோ அல்லது ஸ்விட்ச் போர்ட் போகிறது. மாஸ்ட்டுக்குத் தனி எர்த் போட்டும் இதே கதை.

3. கரண்ட் போனால் யூபிஎஸ் 3 மணி நேரம்தான் தாங்குகிறது. 12 வோல்ட் 42 ஏஎச் பேட்டரி.

அப்லிங்க்கை 500 எம்பிபிஎஸ் ஆக்கினால் முதல் பிரச்சினை தீருமா?

---

காற்றலை:

தீராதுங்க. 300-ல் 160 சும்மா கிடக்கும்போது 500 வாங்கி என்ன செய்வது? தீர்ந்துபோவது ஏர்டைம், அதாவது செக்டார் ஒவ்வொரு வீட்டோடும் மாறி மாறிப் பேசும் நேரம்.

கணக்கு இப்படி. 40 மெகாஹெர்ட்ஸ், இரண்டு ஸ்ட்ரீமில் (இணையான டேட்டா ஓடை) 8எக்ஸ் மாடுலேஷன் (நல்ல சிக்னலுக்குக் கிடைக்கும் வேகப் படி) கிடைக்கும் வீட்டுக்கு காற்றில் 324 எம்பிபிஎஸ். கீழ்ப்படியான 2எக்ஸில் தொங்கும் வீட்டுக்கு 54. உருப்படியாகக் கைக்கு வருவது இதில் பாதி என்று வையுங்க: 162, 27. ஒரு வீட்டில் 5 எம்பிபிஎஸ் வீடியோ ஓடினால் நல்ல சிக்னல் வீடு செக்டாரின் நேரத்தில் 3 சதவீதம் எடுக்கும். -79 வீடு அதே வீடியோவுக்கு 18 சதவீதத்துக்கு மேல் எடுக்கும். அந்த மூன்று வீடும் ஒரே நேரத்தில் டிவி போட்டால் பாதி செக்டார் காலி. மிச்சத்தைத்தான் 14 வீடு பங்கு போடுகிறது.

சந்தேகம் இருந்தால் இன்று இரவு 9 மணிக்கு அந்த மூன்றையும் பத்து நிமிடம் நிறுத்திவிட்டு, ஏபியில் (மாஸ்ட்டில் உள்ள செக்டார் ரேடியோ) ஏர்டைம் சதவீதத்தை முன்னும் பின்னும் குறித்துக்கொள்ளுங்க.

அடுத்து, -79 ஏன் வருகிறது? 5725–5875 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் நம் நாட்டில் வெளிப்புறத்துக்கு ஆண்டெனாவையும் சேர்த்து 36 டிபிஎம்தான் உச்சம். 19 டிபிஐ செக்டார் என்றால் ரேடியோவில் 17-க்கு மேல் வைக்கக்கூடாது. 6 கிலோமீட்டர் வெற்றுவெளி இழப்பு 123 டிபி. 36-இல் 123 கழித்து, டிஷ்ஷின் 23 கூட்டினால் -64 வரணும். உங்களுக்கு -79. அந்த 15 டிபியையும் தின்றது தோப்பு. பவரைக் கூட்டி இதை ஜெயிக்க முடியாது. சட்டப்படியும் தப்பு, பக்கத்து செக்டாருக்கும் இரைச்சல்.

வீட்டிலிருந்து 300 மீட்டரில் 18 மீட்டர் உயரத் தென்னை நிற்கிறது என்று வைப்போம். வீட்டுக் கம்பம் 9 மீட்டர் என்றால் அந்த இடத்தில் கற்றை 10 மீட்டருக்குச் சற்றுக் கீழேதான் போகும். கற்றையைச் சுற்றித் தடை இல்லாமல் இருக்கவேண்டிய ஃப்ரெனல் மண்டலத்தின் 60 சதவீதத்துக்கு மட்டையின் மேலே இன்னும் 2.3 மீட்டர் வேண்டும். அதற்கு வீட்டில் 20 மீட்டர் கம்பம் நட வேண்டிவரும். ஒரு இணைப்புக்காக யாரும் அதை நட மாட்டார்கள். நட்டாலும் கன்றுகள் வளர்ந்து மறைக்கும். ஒன்றிரண்டு வரிசை மரம்தான் என்றால் மட்டைக்குக் கீழே தண்டுகளுக்கு நடுவே டிஷ்ஷைத் தாழ்த்தி வைத்துப் பார்க்கலாம், சில நேரம் ஆச்சரியமாக வேலை செய்யும். முழுத் தோப்புக்கு அது எடுபடாது.

---

எர்த்பிட்:

இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நான்.

"மாஸ்ட்டுக்குத் தனி எர்த்" என்று எழுதியிருக்கிறீங்க. போர்ட் போவதற்குக் காரணமே அதுதான். மாஸ்ட் எர்த்தும் கட்டட எர்த்தும் இணையாமல் தனித்தனியாக இருந்தால், பக்கத்தில் எங்காவது இடி விழும்போது இரண்டுக்கும் நடுவே சில ஆயிரம் வோல்ட் வித்தியாசம் வரும். இரண்டையும் சேர்க்கும் ஒரே கம்பி உங்கள் லேன் கேபிள். மின்சாரம் அதன் வழியே போகும், போர்ட்டையும் கூட்டிக்கொண்டு போகும். இரண்டு எர்த் குழியையும் 25×3 மில்லிமீட்டர் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பட்டையால் மண்ணுக்குள்ளேயே இணையுங்க. எர்த் டெஸ்டரில் 5 ஓம்முக்குள் வரணும். வறண்ட செம்மண்ணில் உப்பும் கரியும் கொட்டினால் முதல் வருடம் நன்றாகக் காட்டும், பிறகு ஜிஐயை அரித்துவிடும். பென்டோனைட் களிமண் போடுங்க.

லேன் கேபிள் ஷீல்டு உள்ள வெளிப்புற வகை, முழுச் செம்பு, உலோக ஓடுள்ள பிளக். விலை மலிவென்று செம்பு பூசிய அலுமினியம் வாங்காதீங்க. மின்தடை ஒன்றரை மடங்குக்கு மேல், ஒரு மழைக்காலம் போனால் பிளக்கில் பச்சை பூக்கும். சர்ஜ் புரொடெக்டர் (திடீரென ஏறும் வோல்டேஜை எர்த்துக்குத் திருப்பும் கருவி) மேலே ஒன்று, ரேக்கில் நுழையும் இடத்தில் ஒன்று. கீழே இருப்பதன் எர்த் வயர் ஒரு முழத்துக்கு மேல் நீளக்கூடாது, சுருட்டியும் வைக்கக்கூடாது. எஸ்எஃப்பி (ஃபைபர் செருகும் இடம்) உள்ள ரேடியோவாக இருந்தால் மாஸ்ட்டில் ஃபைபர் ஏற்றுவது இதைவிட நல்லது. டேட்டா போர்ட் தப்பிக்கும். பவர் கம்பிக்கு மட்டும் சர்ஜ் போட்டால் போதும்.

பேட்டரிக்கு வருவோம். ரேடியோ மூன்றும் 27 வாட், ரவுட்டர், ஸ்விட்ச், மீடியா கன்வெர்ட்டர் சேர்த்து 50 வாட் இருக்கும். 12 வோல்ட் டிசியை 230 ஏசி ஆக்கி, மறுபடி அடாப்டரில் 24 ஆக்குவதில் யூபிஎஸ் தானே 20, 30 வாட் குடிக்கும். யூபிஎஸ்ஸைத் தூக்கிவிட்டு எல்லாவற்றையும் நேரடி டிசியில் ஓட்டுங்க. 25.6 வோல்ட் 100 ஏஎச் லித்தியம் பாஸ்பேட் என்றால் 2560 வாட்ஹவர். 80 சதவீதம் எடுத்தாலும் ஒன்றரை நாள் ஓடும். ஒரே எச்சரிக்கை: சார்ஜர் 29.2 வோல்ட்டில் வந்திருக்கும். 24 வோல்ட் பேசிவ் ரேடியோவின் (லேன் கேபிள் வழியே நேராக பவர் எடுப்பது) லேபிளில் உச்ச வோல்டேஜ் பாருங்க. 27.6-இல் நிறுத்தி வைத்தால் பேட்டரிக்கும் நல்லது, ரேடியோவும் பிழைக்கும்.

---

தோப்புவலை:

மூன்றையும் நிறுத்திப் பார்த்தேன். ஏர்டைம் 94-இலிருந்து 43-க்கு இறங்கியது. மற்ற 14 வீட்டிலும் பஃபரிங் இல்லை.

அவர்களை வெட்டிவிட மனசில்லை. 5.4 கிலோமீட்டரில் தோப்பு ஆரம்பிக்கும் முன் பஞ்சாயத்து மேல்நிலைத் தொட்டி ஒன்று இருக்கிறது, 15 மீட்டர். அங்கிருந்து வீடுகள் 500, 600 மீட்டர். தொட்டியில் இன்னொரு செக்டார் வைத்தால்?

இன்னொன்று, எல்லோருக்கும் ஒரே பப்ளிக் ஐபியில் நாட் (எல்லா வீடும் ஒரே வெளி முகவரியைப் பகிர்வது). யார் எப்போது இணைந்தார் என்ற லாக் எதுவும் எடுக்கவில்லை. அது பரவாயில்லையா?

---

காற்றலை:

செக்டார் வேண்டாம், தோப்பு அங்கேயும் தோப்புதான். தொட்டியில் ஒரு டிஷ், -63 வரும். அங்கிருந்து வீடுகளுக்கு ஃபைபர். மரத்தில் கட்டாதீங்க. மட்டை விழுந்தால் அறும், காற்றில் மரம் ஆடினாலும் இழுபடும். மின்வாரியக் கம்பமும் அனுமதி இல்லாமல் வேண்டாம். எச்டிபிஇ பிளாஸ்டிக் குழாயில் இரண்டடி ஆழம், வேலி ஓரமாகவே போங்க. வரப்பு ஓரம் சுலபம்தான், அடுத்த உழவில் டிராக்டர் தூக்கிவிடும். தொட்டிக்கு பஞ்சாயத்துத் தீர்மானம் எழுத்தில் வாங்குங்க. கான்கிரீட்டில் துளை போடாமல் கைப்பிடியில் கிளாம்ப்.

ஆடிக் காற்றுக்கு முன்னால் எல்லா டிஷ் கிளாம்ப்பையும் ஒரு சுற்று இறுக்குங்க. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நேராக உங்கள் பக்கம்தான். 23 டிபிஐ டிஷ்ஷின் கற்றை அகலம் சுமார் 10 டிகிரி, கொஞ்சம் திரும்பினாலே 3 டிபி போய்விடும். சிக்னல் நொடிக்கு நொடி ஏறி இறங்கினால் மட்டை ஆடுகிறது அல்லது கம்பம் ஆடுகிறது. இறங்கி அங்கேயே நின்றுவிட்டால் கிளாம்ப் திரும்பிவிட்டது.

---

லாக்புக்:

லாக் எடுக்காதது பெரிய தப்புங்க. 2021 டிசம்பரில் லைசென்ஸ் விதி திருத்தப்பட்டதிலிருந்து பதிவுகளை இரண்டு வருடம் வைத்திருக்கணும். பிரான்சைஸி என்றாலும் கேள்வி உங்கள் வாசலுக்குத்தான் வரும். "இந்த ஐபி, இந்த போர்ட், இந்த நேரம், யார்?" என்று கேட்டால் 41 வீட்டையும் காட்டுவீங்களா?

முதலில் நேரம். 2022 ஏப்ரலில் செர்ட்-இன் (அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பு) போட்ட உத்தரவுப்படி கடிகாரம் என்ஐசி (தேசிய தகவலியல் மையம்) அல்லது என்பிஎல் (தேசிய இயற்பியல் ஆய்வகம்) நடத்தும் என்டிபி நேர சர்வரோடு ஒத்துப்போகணும். ரவுட்டர், ரேடியஸ் (வாடிக்கையாளர் லாகின் சர்வர்), லாக் சர்வர் மூன்றிலும் ஒரே நேரம். ஐந்து நிமிடம் பிசகினால் தப்பான வீட்டு வாசலில் போலீஸ் நிற்கும்.

பிறகு வீட்டுக்கு ஒரு போர்ட் பிளாக் கொடுங்க (இங்கே போர்ட் என்பது ஸ்விட்ச்சில் கேபிள் செருகும் இடம் இல்லை, ஐபியோடு வரும் எண்). 1024 முதல் 65535 வரை 64,512 போர்ட். 64-ஆல் வகுத்தால் ஆளுக்கு 1008. உங்கள் 41 வீட்டுக்கு ஒரே ஐபி போதும். உள்ளே 100.64.0.0/10 முகவரி, பிபிபிஓஇ-யில் (வீட்டு ரவுட்டர் லாகின் செய்யும் முறை) ஒவ்வொருவருக்கும் மாறாத ஐபி, அதற்கு ஒரு எஸ்ஆர்சி-நாட் (வெளியே போகும் முகவரியை மாற்றும்) விதி. டேட்டா போகும் முறைகளான டிசிபிக்கு ஒன்று, யுடிபிக்கு ஒன்று, பிங் பயன்படுத்தும் ஐசிஎம்பிக்கு போர்ட் இல்லாமல் தனியாக. ஐசிஎம்பியை மறந்தால் பிங் வேலை செய்யாது, "நெட் இல்லை" என்று போன் வரும். போர்ட் பிளாக் கொடுத்துவிட்டோமே என்று கனெக்‌ஷன் லாக்கை விட்டுவிடாதீங்க. லைசென்ஸ்காரரின் நோடல் அதிகாரியிடம் எந்தப் புலங்கள், எந்த வடிவம் என்று கேட்டு அப்படியே அனுப்புங்க. 1008 போதாமல் திணறும் வீட்டில் பெரும்பாலும் டோரன்ட் அல்லது வைரஸ் பிடித்த கேமரா டிவிஆர் இருக்கும்.

போகிற போக்கில்: பிபிபிஓஇ என்றால் எம்டியூ (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) 1492, எம்எஸ்எஸ்ஸை (அதில் டேட்டாவுக்கான இடம்) 1452-க்கு வெட்டுங்க. சில பேங்க் தளம் மட்டும் திறக்கவில்லை என்ற புகார் இதில் பாதி போய்விடும். ரவுட்டர்ஓஎஸ் (மைக்ரோடிக் ரவுட்டர் மென்பொருள்) 7-க்கு மாறியிருந்தால் வீட்டு கியூவை (வேகத்தைக் கட்டுப்படுத்தும் வரிசை) கேக்கில் (வரிசையைச் சமமாகப் பங்கிடும் முறை) வையுங்க. ஒருவர் டவுன்லோடு போட்டாலும் அந்த வீட்டு வீடியோ கால் அறாது.

---

தோப்புவலை:

எர்த் இணைக்க நாளைக்குக் குழி தோண்டுகிறோம். தீர்மானம் வரும் வரை அந்த மூன்று வீட்டையும் என்ன செய்வது?

---

காற்றலை:

இரவு 7 முதல் 11 வரை ஆளுக்கு 2 எம்பிபிஎஸ் என்று கியூவில் கட்டுங்க. மூன்றும் சேர்ந்தாலும் 22 சதவீதம்தான் எடுக்கும். காரணத்தைச் சொல்லி அந்த மாதக் கட்டணத்தைப் பாதியாக்கிவிடுங்க.