ராமேஸ்வரம், தனுஷ்கோடி பக்கம் போய் வந்தவர்களே, இன்னும் மனதை விட்டுப் போகாத ஒன்றைச் சொல்லுங்கள்

மதுரைக்காரி:

போன மாதம் குடும்பத்தோடு போய் வந்தோம். கோவில், அரிச்சல்முனை, பேக்கரும்பில் கலாம் நினைவிடம் எல்லாம் எல்லோரும் பார்ப்பதுதான், அதை விடுகிறேன்.

தனுஷ்கோடியில் இடிந்த சர்ச்சுக்குப் பின்னால் ஒரு அம்மா மணலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். ஊற்றுத் தண்ணீர் எடுக்கிறார். உங்களுக்குத் தெரிந்திருக்கும், இரண்டு பக்கமும் உப்புக் கடல், நடுவில் நாலடி தோண்டினால் குடிக்கிற தண்ணீர். என் மகள் கடலில் ஆடிவிட்டு வந்தவள், கால் அரிக்கிறது என்று ஒரே அழுகை. அந்த அம்மா பக்கத்தில் இருந்த குடத்தைக் காட்டி, "எடுத்து ஊத்திக்க தாயி" என்றார். நானும் சாய்த்து ஊற்றிக் கழுவிவிட்டேன். முக்கால் குடம் போய்விட்டது.

அப்புறம்தான் அவர் கையைப் பார்த்தேன். சிரட்டை. குழியில் தண்ணீர் ஊறி வரவர அரைச் சிரட்டை, கால் சிரட்டை என்று மோந்து, துணியில் வடிகட்டிக் குடத்தில் விடுகிறார். ஒரு சிரட்டை சேர எவ்வளவு நேரம் என்று மனதுக்குள் எண்ணினேன். ஐம்பது தாண்டியும் நிறையவில்லை. அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. குடத்துக்குள் ஒரு முறை எட்டிப் பார்த்தார், மறுபடி குனிந்துகொண்டார். ஐம்பது ரூபாய் நீட்டினேன். "தண்ணிக்கா?" என்று கேட்டார், வாங்கவில்லை.

வீட்டில் செடிக்குத் தண்ணீர் விடும்போதெல்லாம் அந்தக் குடம் ஞாபகம் வருகிறது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது.

ரயில் பிரியன்:

எனக்குப் பாம்பன் பாலம்.

பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள் அல்லவா, அதிலிருந்து அப்பா ராமேஸ்வரம் போகவே இல்லை. வருஷா வருஷம் தை அமாவாசைக்குத் தாத்தாவுக்குத் தர்ப்பணம் கொடுக்கப் போகிறவர். பஸ்ஸில் போகலாமே என்றால், "பாலத்துல ரயில்ல போனாத்தான்டா போன மாதிரி" என்பார். 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்ததும், 76 வயது மனிதர் வசதியாக வரட்டும் என்று ஏசி பெட்டியில் டிக்கெட் போட்டேன்.

பழைய பாலத்தில் வண்டி ஊர்ந்து போகும். 1914-ல் கட்டியது, காற்று 58 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் சிக்னலே விழாது. வாசல்படியில் நின்றால் காலுக்குக் கீழே நேரே கடல். எல்லோரும் காசு போடுவார்கள். மண்டபம் ஸ்டேஷன் தாண்டியதும் அப்பா சட்டைப் பையிலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்துக் கைக்குள் வைத்துக்கொண்டார். நான் கவனித்தேன், ஆனால் எனக்கு உறைக்கவில்லை. பாலம் வந்தது. பக்கத்திலேயே பழைய பாலம் துருவேறி நின்றது. அப்பா ஜன்னல் பக்கம் கையைக் கொண்டுபோனார். கண்ணாடி. மேலே தடவினார், கீழே தடவினார், திறக்கிற மாதிரி எதுவும் இல்லை. நான் எழுந்து கதவுப் பக்கம் அழைத்துப் போவதற்குள் பாலம் முடிந்துவிட்டது. கையை மூடியபடியே உட்கார்ந்திருந்தார்.

புதுப் பாலம் பெரிய வேலைதான். நடுவில் 72.5 மீட்டர் நீளப் பகுதி லிப்ட் மாதிரி நேரே மேலே எழும்புகிறது. பழையது இரண்டு கை விரிகிற மாதிரி திறக்கும். இதெல்லாம் அப்பாவுக்கு விளக்கிச் சொல்லலாம் என்று படித்துக்கொண்டு போயிருந்தேன். எதுவும் சொல்லவில்லை.

அந்த ஒரு ரூபாய் இப்போது எங்கள் வீட்டு சாமி மாடத்தில் இருக்கிறது.

திருச்சி அக்கா:

கோவிலில் 22 தீர்த்தம் ஆடினோம். மாமியாருக்கு 68 வயது. பத்துப் பன்னிரண்டு கிணறு தாண்டியிருக்கும், வாளித் தண்ணீர் தலையில் விழுந்ததும் சிரிக்க ஆரம்பித்தார். நிறுத்தவே முடியவில்லை. என்ன அத்தை என்றால், "எங்கம்மா போனதுக்கப்புறம் என் தலையில யாரும் தண்ணி ஊத்தினதில்ல" என்றார். இருபது வருஷம் ஒரே வீட்டில் இருக்கிறோம், அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை. அவ்வளவுதான் என் கதை.

ஆனால் பெரியவர்களை அழைத்துப் போகிறவர்களுக்குச் சில விஷயம் சொல்லியே ஆக வேண்டும். ஸ்படிக லிங்க தரிசனம் விடியற்காலை 5 மணிக்கு. அதைப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் அதை முடித்துவிடுங்கள், நனைந்த பிறகு ஆகாது. அப்புறம் அக்னி தீர்த்தத்தில் கடல் குளியல், அதற்குப் பிறகுதான் உள்ளே 22. ஈரத்துணியோடு சன்னதிக்குள் விடமாட்டார்கள், மாற்றுத்துணி கட்டாயம். குழுவில் நனையாமல் ஒருவர் பையோடு வெளியே இருந்தால் நல்லது. போனை விடுதியிலேயே பூட்டி வையுங்கள். பருத்திச் சேலை போதும், பட்டு வேண்டவே வேண்டாம், நனைந்தால் அந்தக் கனத்தில் வயதானவர்களால் நடக்க முடியாது. முக்கியமானது, ஓடாதீர்கள். ஒரு கிணற்றிலிருந்து அடுத்த கிணற்றுக்கு எல்லோரும் ஓடுவார்கள், நமக்கும் கால் பரபரக்கும். தரை முழுக்க ஈரம். இடுப்பு ஒடிந்தால் அப்புறம் யார் பார்ப்பது? ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் முட்டிவலிக்காரர்களை அழைத்துப் போகாதீர்கள். குளித்து உடை மாற்றியதும் உடனே கிளம்பாமல் மூன்றாம் பிராகாரத்தில் மெதுவாக ஒரு சுற்று வாருங்கள். 1212 தூண்கள் என்பார்கள். எண்ண வேண்டாம், ஒரு முனையில் நின்று மறுமுனையைப் பாருங்கள், போதும்.

ரயில் பிரியன் தம்பி, பெரியவரை முன்பே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வருத்தப்படுவதற்காகச் சொல்லவில்லை.

பாம்பன் வாசி:

மதுரைக்காரி அக்கா, காசு வாங்காததை நினைத்துக் குழம்ப வேண்டாம். எங்கள் பக்கம் தண்ணீருக்குக் காசு வாங்குவது வழக்கம் இல்லை, கேட்டவருக்குக் கொடுப்பார்கள். ஆனால் குடத்தைச் சாய்த்தது தப்புதான், அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு வாழத் தகுதியில்லாத ஊர் என்று அரசாங்கம் சொன்ன இடம் அது. அங்கேயே குடிசை போட்டு இருக்கிறவர்களுக்கு ஊற்றுதான் எல்லாம். அடுத்த தடவை போனால் ஒரு கேன் தண்ணீர் கொண்டுபோய் வையுங்கள். அதை வாங்கிக்கொள்வார்கள்.

என் கதை அரிச்சல்முனை. காலேஜ் பையன்கள் நாலு பேர், ஆனி மாதம். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற காலத்தில் மன்னார் வளைகுடாப் பக்கம் எப்படி இருக்கும் என்று எங்கள் ஊர் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆண் கடல் என்று சும்மா சொல்லவில்லை. வடக்கே பாக் நீரிணை, பெண் கடல், அன்றைக்குக் குளம் மாதிரி கிடந்தது. அதைப் பார்த்துவிட்டு இந்தப் பக்கமும் அப்படித்தான் என்று இறங்கிவிட்டார்கள். ஒருவனை இழுத்துக்கொண்டு போனது. நானும் அண்ணனும் மணலில் வலை பிரித்துக்கொண்டிருந்தோம். கயிற்றைக் கட்டிக்கொண்டு போய்த் தூக்கினோம். கரையில் போட்டு அமுக்கியதும் உப்புத் தண்ணீராகக் கக்கினான். கண் திறந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மாட்ட சொல்லிடாதீங்கண்ணே" என்றான். அந்தப் பிடி இன்னும் மணிக்கட்டில் இருக்கிற மாதிரி இருக்கிறது.

குளிக்கக் கூடாது என்று போர்டு இருக்கிறது, போலீஸார் விசில் ஊதுகிறார்கள், இருந்தும் இறங்குகிறார்கள். பெண் கடலையும் நம்பாதீர்கள், ஐப்பசிக்கு மேல் வாடைக் காற்று வந்தால் அதுதான் சீறும், அப்போது தெற்குப் பக்கம் அடங்கிக் கிடக்கும். குளிக்க ஆசையென்றால் உள்ளூர்க்காரரிடம் இன்றைக்கு எந்தக் காற்று என்று கேளுங்கள். பிள்ளைகளோடு வந்தால் அரியமான் கடற்கரைக்குப் போங்கள், சவுக்கு நிழல் உண்டு, ஆழம் மெதுவாகத்தான் வரும். மீன் சாப்பிடவே வருகிறேன் என்பவர்கள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுக்குத் தடைக்காலம் என்று தெரிந்து வாருங்கள். அந்த நேரம் கரைக்கு வருவது நாட்டுப்படகு மீன் மட்டும்தான், கொஞ்சமாகத்தான் இருக்கும். தை, மாசியில் வந்தால் கோதண்டராமர் கோவில் போகிற சாலையோரத்தில் பூநாரை நிற்கும். 2025-ல் சரணாலயமாக அறிவித்திருக்கிறார்கள். வண்டியை ஓரம் கட்டி அமைதியாகப் பாருங்கள், பறக்க வைத்துப் படம் எடுக்க வேண்டுமென்று கல்லெறிகிறார்கள், பார்க்க வயிறு எரிகிறது. குந்துகாலுக்கும் ஒரு எட்டு போங்கள். விவேகானந்தர் 1897 ஜனவரி 26-ல் இலங்கையிலிருந்து வந்து இறங்கிய இடம், சாயங்காலம் அங்கே உட்கார்ந்தால் எழுந்திருக்க மனது வராது.

கோத்தகிரியிலிருந்து:

எல்லோரும் பாலத்தை நோக்கிப் போகும்போது மண்டபத்தைத் தாண்டித்தான் போகிறீர்கள். யாரும் இறங்குவதில்லை.

எங்கள் அப்பா ஏழு வயதில் தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர். சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட தேயிலைத் தோட்டத்துக் குடும்பம். மண்டபம் முகாமில் சில நாள் வைத்திருந்து, பிறகு நீலகிரிக்கு அனுப்பினார்கள். மூன்று வருஷத்துக்கு முன் கோவிலுக்கு என்று அவரை அழைத்துப் போனேன். மண்டபத்தில் டீ குடிக்க வேனை நிறுத்தினோம். அப்பா ஸ்டேஷன் பக்கம் நடந்துகொண்டே இருந்தார். ஒரு வேப்ப மரத்தடியில் நின்று, "இங்கதான் உங்க அப்பாயி மூணு கல்லு வச்சு சோறு பொங்குச்சு" என்றார். அந்த மரமா, அந்த இடமா, எனக்குத் தெரியாது. குனிந்து மூன்று கல் எடுத்தார். முக்கோணமாக வைத்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஒவ்வொன்றாக எடுத்துப் பழைய இடத்திலேயே போட்டார். வேனில் வந்து உட்கார்ந்தவர் பாலத்தைக்கூடப் பார்க்கவில்லை.

கீழக்கரை மகள்:

இந்தக் கடற்கரை என்றால் ராமேஸ்வரம் தீவு மட்டும்தானா? பாம்பன் வாசி அண்ணனும் பாலத்துக்கு இந்தப் பக்கம் அரியமானைத் தவிர ஒன்றும் சொல்லவில்லை. ஏர்வாடி தர்கா, திருப்புல்லாணி, சேதுக்கரை, தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கிற ஒன்பது கல், தொண்டி போகிற வழியில் காரங்காட்டு அலையாத்திக் காடு, எல்லாம் ராமநாதபுரத்திலிருந்து எட்டிப் பிடிக்கிற தூரம்தான். எங்கள் ஊர்ப் பழைய ஜும்மா பள்ளிவாசலின் கல் தூண்களைப் பார்த்தால் கோவில் கட்டிய கைகள்தான் இதையும் கட்டியிருக்கும் என்று தோன்றும்.

சென்னைத் தோழி வந்திருந்தாள். உம்மா தொதல் கிண்டிக்கொண்டிருந்தார். அரிசிமாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி, எண்ணெய் பிரிகிற வரை மணிக்கணக்கில் கை எடுக்காமல் கிண்ட வேண்டும். நானும் கிண்டுகிறேன் என்று அகப்பையை வாங்கினாள். கால் மணி நேரத்தில் உள்ளங்கை சிவந்துவிட்டது. உம்மா அவள் கையைத் திருப்பிப் பார்த்து, தன் கையைப் பக்கத்தில் வைத்தார். உம்மா உள்ளங்கையில் ரேகையே தெரியவில்லை. அத்தனை வருஷம் அந்தத் தொதலைத் தின்றவள் நான், அன்றைக்குத்தான் அதைப் பார்த்தேன்.

பரமக்குடி:

உத்தரகோசமங்கை. மரகத நடராஜருக்கு வருஷம் முழுக்கச் சந்தனக்காப்பு, மார்கழித் திருவாதிரையை ஒட்டி மட்டும்தான் களைவார்கள். அப்பாவோடு ராத்திரி முழுக்க வரிசையில் நின்றேன். பனி. சன்னதி முன் நிற்க விட்டது ஐந்து வினாடி இருக்கும். பச்சை, அப்படி ஒரு பச்சை. வெளியே வந்து "பார்த்தீங்களாப்பா?" என்றேன். "கண்ண மூடிக் கும்பிட்டுட்டேன்டா" என்றார்.

அடுத்த ஆருத்ராவுக்கு அப்பா இல்லை.

மதுரைக்காரி:

எல்லோருக்கும் நன்றி. கேன் விஷயம் கட்டாயம் செய்கிறேன் பாம்பன் தம்பி. பொங்கலுக்குப் போகும்போது இரண்டு கேனாக எடுத்துப் போகிறோம். அந்த அம்மா பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. சர்ச்சுக்குப் பின்னால் என்று சொன்னால் தெரியுமா?

பாம்பன் வாசி:

சர்ச்சுப் பக்கம் போய் ஊற்று எங்கே என்று கேளுங்கள், யாரும் காட்டுவார்கள். சாயங்காலத்துக்கு முன்னால் போங்கள், இருட்டுவதற்குள் எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ரயில் பிரியன் அண்ணே, உங்களுக்கும் ஒன்று. ஏசி வேண்டாம். மதுரையிலிருந்து வருகிற பாசஞ்சரில் சாதாரணப் பெட்டியில் ஏற்றிக் கூட்டிவாருங்கள். ஜன்னலில் கம்பிதான், கை போகும்.

ரயில் பிரியன்:

ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்று நினைக்கிறேன். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. மாடத்திலிருந்து அந்த நாணயத்தை மட்டும் எடுத்துப் பர்ஸில் வைத்திருக்கிறேன்.