ராஜாஜி விஷயத்தில் அப்பாவோடு சண்டை: புதுப்பிப்பு

போன வாரம் எழுதியது: எந்தத் தொழிலுக்கும் அரசாங்க அனுமதி வேணும்ங்கிற லைசென்ஸ்-பர்மிட்-கோட்டா ராஜ்ஜியத்தை எதிர்த்து 1959-ல் சுதந்திரா கட்சி தொடங்கிய ராஜாஜிதான் சரியான ஆள்னு சொன்னேன். அப்பா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிட்டு எழுந்து போனார். நான்கு நாள் பேச்சே இல்லை.

நேற்று அவரே கூப்பிட்டு, தண்டையார்பேட்டையில பெரியப்பா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனார். "கையைக் காட்டுண்ணா" என்றார். மணிக்கட்டுல இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு. 1953-ல பெரியப்பா பொன்னேரி பக்கம் மூணாவது படிச்சார். அப்போ முதலமைச்சரா இருந்த ராஜாஜியோட புதுத் திட்டப்படி (அதைத்தான் குலக்கல்வின்னு சொல்வாங்க) பள்ளிக்கூடம் மூணு மணி நேரம்தான், மீதி நேரம் அப்பன் தொழில். எங்களுக்கு அது சலவை. கரிப்பெட்டியைத் தூக்கும்போது வயசு எட்டு.

எனக்குப் பதில் வரலை. என் கொள்கைப்படியே அது தப்பு. ஒரு பையன் என்ன தொழில் கத்துக்கணும்னு அரசாங்கம் சொல்லக் கூடாது. 1937-ல சேலத்துல அவர் கொண்டுவந்த மதுவிலக்கையும் இதே காரணத்துக்காகத்தான் நான் ஏத்துக்கலை. அப்போ குலக்கல்வியை மட்டும் எப்படி லேசா தாண்டிப் போனேன்? அப்பாகிட்ட மன்னிப்பு கேட்டேன்.

பொருளாதாரத்துல மட்டும் நான் இன்னும் மாறலை. அதையும் சொன்னேன். பெரியப்பாதான் குறுக்கே வந்தார்: "52-ல ரேஷன் கட்டுப்பாட்டை எடுத்ததும் அதே ஆளுதான்டா. அரிசி கடையில கிடைச்சுதுன்னு ஆயா சொல்லும்."

அப்பா ஒண்ணும் சொல்லலை. திரும்பி வரும்போது பஸ்ல எனக்கு ஜன்னல் சீட் விட்டார்.