சோடியம் விளக்கு எரிந்து எரிந்து அணைகிறது: பல்பா, சோக்கா, இக்னைட்டரா?

களத்துமேடு:
எங்கள் அரிசி ஆலையில் நெல் காயவைக்கும் களத்தைச் சுற்றி 250 வாட் சோடியம் வேப்பர் விளக்குகள் உள்ளன. ஒன்று நன்றாகப் பிடித்து முழு வெளிச்சத்துக்கு வந்து, கொஞ்ச நேரம் எரிந்துவிட்டு அணைகிறது, ஓரிரு நிமிடத்தில் தானாகவே மறுபடி பிடிக்கிறது, ராத்திரி முழுக்க இதே கதை. இன்னொன்று சுத்தமாக எரியவில்லை, நல்ல பல்பு போட்டும் அப்படியேதான். வேலைக்கு வந்தவர் எல்லா சோக்கையும் (பல்புக்குப் போகும் கரண்டை மட்டுப்படுத்தும் சுருள்) மாற்றணும் என்கிறார். ஆலை மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது வோல்டேஜ் இறங்கும், அதனாலா?

சோக்குக்காரர்:
வோல்டேஜ் இறங்கித்தான் அணைகிறது என்றால் அந்த லைனில் உள்ள எல்லா விளக்கும் ஒன்றாகப் போகும். ஒன்று மட்டும் தன் போக்கில் அணைந்து எரிகிறது என்றால் முதல் சந்தேகம் பல்பு மேல்தான். சோடியம் பல்பு வயதாக ஆக, சூடேறியபின் அதற்குத் தேவைப்படும் வோல்டேஜ் ஏறிக்கொண்டே போகும். புதிதில் 100 வோல்ட் பக்கம் இருப்பது, ஒரு கட்டத்தில் சோக் தாங்கிப் பிடிக்க முடியாத அளவுக்கு வந்ததும் அணைந்துவிடும், ஆறியதும் இக்னைட்டர் (உயர் வோல்டேஜ் பல்ஸ் கொடுத்துப் பல்பைப் பற்றவைக்கும் பாகம்) மறுபடி அடித்து எரியவைக்கும். உள்குழாயின் இரண்டு முனையும் கருத்திருக்கிறதா பாருங்கள். அந்தப் பல்பைக் கழற்றி நன்றாக எரிகிற கம்பத்தில் போடுங்கள், கோளாறு பல்போடு போனால் சோக்குக்குச் செலவே வேண்டாம்.

ஒயரிங்_பட்டறை:
எரியாத விளக்குக்கு என் பதில். ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் ஆஃப் செய்து, கெப்பாசிட்டரில் (லைனில் இழுக்கும் கரண்டைக் குறைக்க வைத்திருப்பது) சார்ஜ் இறங்கிவிட்டதை உறுதிசெய்த பிறகுதான் பெட்டிக்குள் கை வையுங்கள். இக்னைட்டர் இணைப்பில் இருக்கும்போது ஹோல்டரில் மல்டிமீட்டர் வைக்கவே கூடாது, அது அடிக்கிற பல்ஸ் சில ஆயிரம் வோல்ட், மீட்டரும் போகும் ஆளுக்கும் ஆபத்து. இக்னைட்டர் ஒயர்களை முழுக்கக் கழற்றி, சோக்கிலிருந்து வரும் ஒயரை நேராக ஹோல்டருக்குக் கொடுத்து, சப்ளையை ஆன் செய்து அளந்தால், பல்பு இல்லாத நிலையில் கிட்டத்தட்ட சப்ளை வோல்டேஜே வரணும். வந்தால் சோக் ஒயிண்டிங் அறுந்துபோகவில்லை, இக்னைட்டரை மாற்றிப் பாருங்கள். வராவிட்டால் சப்ளை, சோக், ஹோல்டர் என்று வரிசையாகத் தேடுங்கள். ஒன்று முக்கியம்: சோக் சுருளின் நடுவிலிருந்து எடுத்த ஒயரில் (டேப்பிங்) இணைக்கும் வகை இக்னைட்டர் அந்தச் சோக்குக்குப் பொருந்தியதாக இருக்கணும், கடையில் கிடைத்ததை மாட்டினால் வேலை செய்யாது.

களத்துமேடு:
சோக்குக்காரர் அண்ணே, நீங்கள் சொன்னதுதான், கோளாறு பல்போடு போய்விட்டது, ரொம்ப நன்றி. எரியாததும் இக்னைட்டர் மாற்றியதும் பிடித்துக்கொண்டது. ஆனால் வெளிச்சம் மற்றதைவிட மங்கல், பல்பு புதிது. இதற்கு என்ன செய்யலாம்?

சோக்குக்காரர்:
சோக் மேல் ஒட்டியுள்ள லேபிளைப் படியுங்கள் தம்பி. 250 வாட் மெர்க்குரி சோக்கும் 250 வாட் சோடியம் சோக்கும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், இரண்டு பல்பும் ஒரே ஈ40 (பெரிய திருகு வகை) ஹோல்டரில் ஏறும். மெர்க்குரிக்கு சுமார் 2.1 ஆம்பியர், சோடியத்துக்கு 3 ஆம்பியர். விளக்கு நன்றாகச் சூடானபின் ஆளை ஏற்றி, பல்புக்குப் போகும் ஒயரில் கிளாம்ப் மீட்டர் (ஒயரைச் சுற்றிப் பிடித்துக் கரண்ட் அளப்பது) மாட்டினால் தெரிந்துவிடும். 3-க்கு நிறையக் குறைந்தால் யாரோ முன்னாடி மெர்க்குரி சோக்கை மாட்டியிருக்கலாம்.

மின்கம்பம்:
பெட்டியைத் திறந்திருக்கும்போதே கெப்பாசிட்டரையும் பார்த்துவிடுங்கள். அது செத்தாலும் விளக்கு வழக்கம்போல எரியும், அதனால் யாரும் கவனிப்பதில்லை, ஆனால் லைனில் இழுக்கும் கரண்ட் ஏறக்குறைய இரட்டிப்பாகும், களத்து எம்சிபி (கரண்ட் கூடினால் தானாக அணையும் சுவிட்ச்) காரணமில்லாமல் டிரிப் ஆவது பல இடங்களில் இதனால்தான். 250 வாட்டுக்கு 33 மைக்ரோஃபாரட் பக்கம் போடுவார்கள், உப்பியிருந்தால் மாற்றிவிடுங்கள். அப்புறம், கழற்றிய சோடியம் பல்பில் பாதரசம் இருக்கிறது. நெல் கொட்டும் இடத்தில் போட்டு உடைக்காமல், அட்டைப் பெட்டியில் தனியாக எடுத்துவைத்து மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள்.