முத்தத்துல வச்ச மோண்டோ புல் மஞ்சளாப் போகுது, என்ன மருந்து அடிக்கலாம்?

முத்தத்துச்செடி:
வணக்கம். காரைக்குடி பக்கம் பழைய வீடு. ரெண்டாங்கட்டு முத்தத்துல மோண்டோ புல் போட்டோம், 300 கொத்து. வச்சப்ப கரும்பச்சையா இருந்துச்சு. இப்ப மஞ்சளாகி நுனியும் கருகுது. தண்ணி தினமும் விடுறோம். ஆவணில அப்பச்சிக்குச் சாந்திக் கல்யாணம், அதுக்குள்ள பச்சையாகணும். என்ன மருந்து அடிக்கலாம்னு சீக்கிரம் சொல்லுங்க.

பச்சைமட்டை:
மஞ்சள்னாலே தழைச்சத்துக் குறைவுதான். கடலைப் புண்ணாக்கு 1 கிலோவை 10 லிட்டர் தண்ணில மூணு நாள் ஊற வச்சு, தெளிவை எடுத்து ஒண்ணுக்குப் பத்து தண்ணி கலந்து ஊத்துங்க. பத்து நாள்ல கருகருன்னு ஆயிரும்.

செம்புறாங்கல்:
மருந்து இருக்கட்டும் அண்ணே, இதைச் சொல்லுங்க. மஞ்சள் பிடிக்கிறது நடுக்குருத்துலயா, ஓரத்துப் பழைய இலையிலயா? விடுறது போர் தண்ணியா, குழாய்த் தண்ணியா? முத்தத்துல எந்தப் பக்கம்? எப்ப வச்சது? அடியில என்ன இருக்கு? அடித்தண்டு தெரியுற மாதிரி படம் ஒண்ணு போடுங்க.

பச்சைமட்டை, தழைச்சத்து இல்லேன்னா பழைய இலைதான் முதல்ல வெளுக்கும், குருத்து பச்சையா நிக்கும். இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாம புண்ணாக்கை ஊத்தச் சொன்னா எப்படி? நாலு பக்கமும் அடைச்ச முத்தத்துல ஈயும் நாத்தமும்தான் மிஞ்சும்.

தாவர வாத்தியார்:
இதே கேள்விக்கு இங்கே பலமுறை எழுதியாயிற்று. தேடிப் படிக்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. நர்சரிகளில் 'மோண்டோ புல்' என்று குறைந்தது நான்கு செடிகளை விற்கிறார்கள். இலை 2 முதல் 4 மில்லிமீட்டர் அகலத்தில் ஒல்லியாக இருந்தால் அது ஒஃபியோபோகன் ஜப்பானிகஸ், உண்மையான மோண்டோ. ஒரு சென்டிமீட்டர் அளவுக்குப் பட்டையாக இருந்து, ஊதாக் கதிர் நிமிர்ந்து நின்றால் லிரியோப்பி மஸ்காரி. பட்டை இலை, வெள்ளைக் கோடு, தொங்கும் வெள்ளைப் பூ என்றால் ஒஃபியோபோகன் ஜாபுரான். நீண்ட காம்பில் குட்டிச் செடிகள் தொங்கினால் குளோரோபைட்டம், நீங்கள் 'ஸ்பைடர்' என்பது. காயிலும் சந்தேகம் தீரும்: மோண்டோவுக்கு நீலம், லிரியோப்பிக்குக் கறுப்பு. இவற்றில் ஒன்றுகூடப் புல் அல்ல. தண்ணீர்விட்டான் கிழங்கின் குடும்பம். அடிப்படை தெரியாமல் மருந்து கேட்பது வீண்.

ஆச்சி வீட்டுத் தோட்டம்:
வாத்தியாரே, கேட்டவுக பதட்டத்துல கேட்டிருக்காக. கொஞ்சம் மெதுவாச் சொல்லலாம்ல.

முத்தத்துச்செடி:
இலை ஒல்லிதான். குருத்துதான் வெளுக்குது, இலையில நீளக்கோடா பச்சையும் வெளுப்பும் மாறி மாறித் தெரியுது. பங்குனில வச்சது. முத்தத்துக் கல்லைப் பெயர்த்துட்டு மேல செம்மண் போட்டோம். தண்ணி நல்ல தண்ணிதான்.

கண்டனூர்க் கணக்கு:
300 கொத்து எத்தனை சதுர அடிக்கு? ஒல்லி மோண்டோன்னா 15 சென்டிமீட்டர் இடைவெளியில சதுர மீட்டருக்கு 44 கொத்து வரும், அப்ப உங்களுக்கு 7 சதுர மீட்டர் கிட்ட. குட்டை ரகம்னா 10 சென்டிமீட்டர், சதுர மீட்டருக்கு 100. நெருக்கி வச்சா சீக்கிரம் மூடும்னு 5 சென்டிமீட்டர்ல நடுறாங்க, கொத்துக்குள்ள காத்து போகாம அடி அழுகுது.

இன்னொண்ணு, கல்லை ஏன் பெயர்த்தீங்க? சாந்திக்குப் பந்திப் பாய் எங்க விரிக்கிறது?

செம்புறாங்கல்:
குருத்து வெளுத்து நரம்பு பச்சையா நின்னா இரும்புச்சத்து ஏறலன்னு அர்த்தம். நம்ம செம்மண்ணுல இரும்புக்குப் பஞ்சமில்லை, சிவப்பா இருக்கிறதே அதனாலதான். மண்ணுல சுண்ணாம்பு கூடி பிஎச், அதான் மண்ணோட புளிப்பு-கார அளவு, 7.5 தாண்டினா அந்த இரும்பு கரையாது, வேரால எடுக்க முடியாது. மோண்டோ லேசாப் புளிச்ச மண்ணு கேக்குற செடி, 6க்கும் 6.5க்கும் நடுவுல இருந்தா சந்தோஷமா இருக்கும்.

நம்ம பக்கத்துப் பழைய வீட்டு முத்தக் கல்லுக்கு அடியில என்ன இருக்கும்? சுண்ணாம்புக் காரை, செங்கல் ஜல்லி. அதுமேல எத்தனை அங்குலம் செம்மண் போட்டீங்கங்கிறதுதான் கேள்வி. சோதிக்க மிஷின் எதுவும் வேணாம், ரெண்டு முனைக் குச்சி மாதிரி விக்கிற மீட்டரை நம்பாதீங்க. வேர் ஆழத்துல ஒரு கைப்பிடி மண்ணெடுத்துக் காய வச்சு, எலுமிச்சம்பழச் சாறு விடுங்க. புசுபுசுன்னு நுரைச்சா சுண்ணாம்பு. மேல்மண்ணுல ஒரு தடவை, ஒரு சாண் கீழ ஒரு தடவை செய்யுங்க. சரியான எண் வேணும்னா குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்துல மண் பரிசோதனை பத்திக் கேளுங்க.

ஒரு கொத்தை மெதுவா இழுத்தும் பாருங்க. இலை அடியோட உருவிக்கிட்டு வந்து, அடி பழுப்பா நாறினா அது அழுகல், வேற வைத்தியம். உருவலேன்னா சுண்ணாம்புதான்.

பச்சைமட்டை:
சரி, இரும்புன்னே வச்சுக்குவோம். அன்னபேதி, அதான் இரும்பு சல்பேட்டு, வாங்கி அடிச்சா முடிஞ்சுச்சு. மோண்டோ சாகாது, இத்தாலியில மோண்டோன்னா உலகம். உலகம் பூராப் பரவுற செடிங்கிறதாலதான் அந்தப் பேரே.

பெயர்ப்பலகை:
இத்தாலிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. ஜப்பான்ல இந்தச் செடியோட வேர்க்கிழங்கு மருந்து, பேரு பகுமோன்தோ. சீனத்து மைமென்தொங்தான் அங்க போய் அப்படி ஆச்சு. அதுல வாலை மட்டும் பிடிச்சு 1763ல பிரெஞ்சுக்காரர் அடான்சன் 'மோண்டோ'ன்னு பேரினம் வச்சார். 1807ல கெர் காலர் 'ஒஃபியோபோகன்'னு வச்சார். முறைப்படி பழைய பேர்தான் செல்லணும், ஆனா பிந்தின பேரைத்தான் தாவரவியல்ல காப்பாத்தி வச்சிருக்காங்க. பழசு நர்சரியில ஒட்டிக்கிச்சு.

தாவர வாத்தியார்:
பாதிதான் சொல்லியிருக்கிறீர்கள். கிரேக்கத்தில் ஒஃபிஸ் பாம்பு, போகோன் தாடி. ஜப்பானியரின் 'ஜா நோ ஹிகே' என்பதும் அதேதான், பாம்பின் தாடி. அந்தப் பெயரே கிரேக்கத்தில் பெயர்க்கப்பட்டது என்பதே பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம்.

கண்டனூர்க் கணக்கு:
பாம்புக்கு ஏதுய்யா தாடி?

பெயர்ப்பலகை:
அந்தக் கேள்வி ஜப்பான்லயும் உண்டு. முதல்ல 'ஜோ நோ ஹிகே'ன்னு இருந்துச்சு, அதாவது 'நோ'ங்கிற ஜப்பானிய முகமூடி நாடகத்துல வர்ற கிழவர் முகமூடியோட தாடி, அது வாய்ப்பேச்சுல 'ஜா'ன்னு திரிஞ்சுருச்சுன்னு ஒரு கருத்து. 'ரியூ நோ ஹிகே', டிராகன் தாடின்னு இன்னொரு வழக்கும் இருக்கு. டிராகனுக்குத் தாடி உண்டு, அதனால அங்க யாரும் சண்டை போடுறதில்லை.

பச்சைமட்டை:
அப்ப லிரியோப்பி மஸ்காரிங்கிறது கஸ்தூரி வாசனைன்னு சொல்றாங்களே, அதுவும் பொய்யா?

தாவர வாத்தியார்:
மஸ்காரி என்பது வேறொரு கிழங்குச் செடி. திராட்சைக் குலைபோல நீலப்பூ பூக்கும். அந்தப் பெயர்தான் கஸ்தூரி மணத்திலிருந்து வந்தது. லிரியோப்பியின் கதிர் அதன் சாயலில் இருப்பதால் அடைமொழியாயிற்று. முகர்ந்து பார்த்து ஏமாற வேண்டாம். லிரியோப்பி என்பது கிரேக்கப் புராணத்து நீர்த்தேவதை, நார்சிசஸின் தாய். பேரினத்துக்கு அதைச் சூட்டியவர் கொச்சின்சீனாவில், அதாவது இன்றைய வியட்நாமில், இருந்த போர்த்துகீசியப் பாதிரியார் லூரெய்ரோ, 1790இல். செடிக்கும் அந்தக் கதைக்கும் ஒரு தொடர்பும் கிடையாது.

பச்சைமட்டை:
நீர்த்தேவதைன்னா தண்ணி நிறைய கேக்கும்னு ஒரு குறிப்பு இருக்குல்ல?

தாவர வாத்தியார்:
இல்லை.

ஆச்சி வீட்டுத் தோட்டம்:
பாம்பு தாடி, கிழவர் தாடியெல்லாம் இருக்கட்டும். என்ன தண்ணின்னு அவுக இன்னும் சொல்லல. 'நல்ல தண்ணி'ன்னா எது? சம்பை ஊத்துத் தண்ணியும் நல்ல தண்ணி, போர்ல வர்றதையும் சில பேர் நல்ல தண்ணிம்பாக. நுனி கருகுறது தண்ணியிலதான் எனக்குச் சந்தேகம்.

முத்தத்துச்செடி:
ஆச்சி, ஆர்ஓ தண்ணி. குடிக்கிற மிஷின்ல பக்கத்துக் குழாய்ல வருமே, அதை வீணாக்காம வாளியில பிடிச்சு ஊத்துறோம்.

ஆச்சி வீட்டுத் தோட்டம்:
ஏந்தம்பி, அது கழிவுத் தண்ணில்ல! சுத்தமானது உங்க டம்ளர்ல போயிருச்சு, உப்பெல்லாம் அந்த வாளியில சேந்துருச்சு.

செம்புறாங்கல்:
முழுக்கதையும் இப்பத்தான் வருது. போர் தண்ணி டிடிஎஸ், அதான் தண்ணில கரைஞ்சிருக்கிற உப்போட அளவு, 800ன்னு வைங்க. மிஷின் பாதியைச் சுத்தம் பண்ணி விட்டா, கழிவுல கிட்டத்தட்ட 1500 நிக்கும். அந்த உப்பு மண்ணுல தேங்கி இலை நுனியில போய்ச் சேருது, அதான் கருகல். அதே தண்ணியில பைகார்பனேட்டும் சேந்தே வருது, அது மண்ணோட பிஎச்சை இன்னும் தூக்கும். அடியில காரை, மேல இந்த வாளி. ரெண்டு பக்கமும் சுண்ணாம்பு.

செய்ய வேண்டியது: கழிவுத் தண்ணியை இன்னைக்கே நிறுத்தி, தரை கழுவ வச்சுக்குங்க. கூரைத் தண்ணி பிடிச்சது இருந்தா அது, இல்லேன்னா டிடிஎஸ் 500க்குக் கீழ உள்ள குழாய்த் தண்ணி. உப்பை அலச, சதுர மீட்டருக்கு 40 லிட்டரை ஒரே நாள்ல ரெண்டு தவணையா விடுங்க. முத்தத்து மூலையில தண்ணி போற ஓட்டை அடைபடாம இருக்கணும், இல்லேன்னா அலசின உப்பு அங்கேயே நிக்கும். அப்புறம் தினசரித் தண்ணி வேணாம். விரலை ரெண்டு அங்குலம் விட்டுப் பாத்துக் காஞ்சிருந்தா மட்டும்.

அவசரப் பச்சைக்கு: அன்னபேதி 5 கிராம், சிட்ரிக் அமிலம் 1 கிராம், 1 லிட்டர் தண்ணி. அமிலத்தை முதல்ல கரைச்சுட்டு அன்னபேதியைப் போடுங்க, கலக்கின உடனே சாயங்காலம் தெளிங்க. வச்சிருந்தா துருவாகிப் படியும். வாரம் ஒரு தடவை, மூணு தடவை போதும். இலை திட்டுத்திட்டாத்தான் பச்சையாகும், கருகின நுனி திரும்ப வராது, கத்தரியால சாய்வா வெட்டிருங்க.

ஆத்தங்குடித் தளம்:
ஒரு நிமிஷம். அன்னபேதி ஒரு சொட்டு ஆத்தங்குடிக் கல்லுல பட்டா துருக்கறை, ஜென்மத்துக்கும் போகாது. அதை எடுக்கிறேன்னு ஆசிட் ஊத்தினா சிமெண்டுக் கல்லு பூவோட சேந்து அரிச்சுரும். தெளிக்கிறதுக்கு முன்னால சுத்தி ரெண்டு அடிக்குத் தார்ப்பாய் விரிங்க, ஓரத்துல கல்லை முன்கூட்டியே தண்ணியால நனைச்சு வைங்க. பட்டுட்டா காயுறதுக்குள்ள நிறையத் தண்ணி ஊத்திக் கழுவணும்.

பச்சைமட்டை:
இவ்வளவு எதுக்கு, கந்தகத் தூளைப் போட்டுச் சுண்ணாம்பை முறிச்சிரலாமே.

கண்டனூர்க் கணக்கு:
கணக்கைப் பாருங்க. ஒரு சதுர மீட்டர், 15 சென்டிமீட்டர் ஆழம், கிட்டத்தட்ட 200 கிலோ மண். அதுல சுண்ணாம்பு 1 சதவீதம்னா 2 கிலோ. 100 பங்கு சுண்ணாம்புக்கு 32 பங்கு கந்தகம், அப்ப 640 கிராம். காரை கலந்த மண்ணுல 20 சதவீதம்னு வைங்க, சதுர மீட்டருக்குப் 13 கிலோ ஆகுது. அவ்வளவு போட்டா செடியே மிஞ்சாது. காரையை முறிக்க முடியாது, எடுக்கத்தான் முடியும்.

இரும்பு செலேட்டு, அதான் இரும்பைக் கரைஞ்ச நிலையிலயே பிடிச்சு வைக்கிற உரம், வாங்குறதா இருந்தாலும் பெயரைப் பாத்து வாங்குங்க. இடிடிஏ, பிஎச் 6.5 தாண்டினா வேலை செய்யாது, டிடிபிஏ 7.5 வரைக்கும். சுண்ணாம்பு மண்ணுக்கு இடிடிஎச்ஏ, அதான் செக்கச்செவேர்னு கரையும். சதுர மீட்டருக்கு 3 கிராம் வேர்ல ஊத்தலாம்.

முத்தத்துச்செடி:
எலுமிச்சை விட்டோம். மேல லேசா, கீழ நல்லாப் பொங்குது. கொத்து உருவல. மேல அரை அடிதான் செம்மண் இருக்கு. ஒரு சாண் எடுத்தாப் போதுமா? தோண்டினப்ப வேர்ல சின்னச் சின்னக் கிழங்கு இருந்துச்சு, கோரைன்னு எல்லாத்தையும் கிள்ளிப் போட்டுட்டாக.

பெயர்ப்பலகை:
ஐயோ, அதான் பகுமோன்தோ! கோரைக்கிழங்கு கறுப்பா, நூல்ல கோத்த மாதிரி வரிசையா இருக்கும், மேல தண்டு முக்கோணம். இது வேர்லயே நடுவுல தடிச்சு, வெள்ளையா ரெண்டு முனையும் கூம்பி இருக்கும். செடியோட சேமிப்பு அது.

செம்புறாங்கல்:
கிழங்கு போனாலும் அடிக்கட்டையும் வேரும் இருந்தாப் பிழைக்கும், கொத்தை எடுத்து ஈரச்சாக்குல சுத்தி நிழல்ல வைங்க. ஒரு சாண் போதாது, வேர் அதுக்குக் கீழயும் இறங்கும். 30 சென்டிமீட்டர் எடுங்க. தூண், சுவர் ஓரத்துல ஒரு அடி விட்டுட்டுத் தோண்டுங்க, அஸ்திவாரத்தைத் தொடக் கூடாது. தோண்டாம மேலயே மண்ணை ஏத்தலாம்னு நினைக்காதீங்க, மழைத்தண்ணி பட்டாலை வழியா வீட்டுக்குள்ள வந்துரும்.

நிரப்ப: செம்மண் 2 பங்கு, மக்கின தொழு உரம் 1, அலசின தென்னை நார்க்கழிவு 1. செம்மண்ணையும் எலுமிச்சையில பாத்துட்டு இறக்குங்க. 7 சதுர மீட்டருக்கு 2.1 கன மீட்டர், அமுங்கும், அதனால 2.5 சொல்லுங்க. நடும்போது இலையில மூணுல ஒரு பங்கை வெட்டி, அடிக்கட்டை மண் மட்டத்துக்கு நிக்கணும், புதைஞ்சா அழுகும்.

இடம் மேக்கு ஓரம். மத்தியானத்துக்கு மேல மேக்குக்கட்டு நிழல் அங்கதான் முதல்ல விழும். கிழக்கு ஓரத்துல சாயங்கால வெயில் வாட்டும். ஆகஸ்ட் கடைசியில இங்க சூரியன் நேர் உச்சிக்கு வரும், அதுவரைக்கும் 50 சதவீத நிழல்வலை கட்டுங்க.

சாந்திக்குள்ள மூடாது, மோண்டோ மெதுவா வளர்ற செடி. அன்னைக்கு மட்டும் தொட்டி அடுக்கிக்கலாம்.

முத்தத்துச்செடி:
சரிண்ணே, ஆள் சொல்லியாச்சு. நன்றி.

கண்டனூர்க் கணக்கு:
பெயர்த்த கல்லை எங்க வச்சிருக்கீங்க? வித்துறாதீங்க.

ஆத்தங்குடித் தளம்:
ஆமா, அடுக்கும்போது படுக்க வைக்காம நிமித்திச் சாத்தி வைங்க, இடையில சணல்சாக்கு.